மணல் போன திசை

ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர் “எந்த பீச்சுக்குப் போகலாம்?” என்று கேட்டால், சென்னையில் கிடைக்கும் பதில்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மெரினா, பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை, வண்டியும் நேரமும் இருந்தால் கோவளம். இவை அத்தனையும் துறைமுகத்துக்குத் தெற்கே இருக்கின்றன. ராயபுரம் என்றோ திருவொற்றியூர் என்றோ எண்ணூர் என்றோ யாரும் சொல்வதில்லை. வடசென்னைக்காரரே பொங்கல் விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மெரினாவுக்குத்தான் பஸ் ஏறுகிறார். மக்களின் விருப்பம் இப்படி ஒரே பக்கம் சாய்ந்ததற்கு 1870களில் கடலுக்குள் எழுந்த இரண்டு கற்சுவர்கள்தான் காரணம். அந்தச் சுவர்கள் ஒரு பக்கம் மணலைச் சேர்த்தன. மறுபக்கம் மணலைத் தின்றன.

சுவர்கள் வருவதற்கு முன் இந்தக் கரை வேறு மாதிரி இருந்தது. 1639இல் பிரான்சிஸ் டே இங்கே கோட்டைக்கு இடம் பிடித்தபோது கப்பல் ஒதுங்க விரிகுடா கிடையாது, ஆழமான ஆற்றுமுகமும் கிடையாது. நேர்க்கோடாக ஒரு கரை, அதன் முன்னே வரிசை வரிசையாக உடையும் அலைகள், அவ்வளவுதான். கப்பல்கள் எட்டத்தில், திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். இறங்கும் துரைமாரும், மதுப் பெட்டிகளும், துணி மூட்டைகளும், குதிரைகளும் மசூலாப் படகில்தான் கரை சேர வேண்டும்.

அந்தப் படகை நின்று பார்க்க வேண்டும். பலகைகளைச் சேர்க்க அதில் ஓர் ஆணிகூட அடிப்பதில்லை. பலகையின் விளிம்பில் துளையிட்டு, இடுக்கில் வைக்கோலைத் திணித்து, தென்னங்கயிற்றால் தைத்துவிடுவார்கள். அலை வந்து மோதும்போது ஆணியடித்த ஐரோப்பியப் படகு விறைத்து நின்று உடையும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். அடியில் கசியும் நீரை இறைக்கவென்றே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பான். பின்பக்கம் நிற்கும் தண்டல் அலைகளை எண்ணிக்கொண்டே இருப்பார். பெரிய அலை கடந்ததும் அவர் குரல் கொடுக்க, துடுப்புக்காரர்கள் பாட்டோடு வலிப்பார்கள். படகும் போக முடியாத நாளில் கட்டுமரம் போகும். ஓலையில் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களைச் செருகிக்கொண்டு கட்டுமரக்காரர் அலைக்குள் மறைவதையும், நனையாத கடிதத்தோடு கப்பலண்டை எழுவதையும் பயணிகள் வியந்து வியந்து எழுதி வைத்திருக்கிறார்கள். சென்னையின் வணிகம் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இவர்கள் தோளில்தான் ஏறி இறங்கியது.

இந்தப் படகோட்டிகளில் பலர் கத்தோலிக்கர்கள். அவர்கள் தங்கள் வருமானத்திலிருந்து மகமை சேர்த்து 1829இல் எழுப்பியதுதான் புனித ராயப்பர் தேவாலயம். ராயப்பர் என்பது பேதுருவுக்குத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் வைத்த பெயர். அவரும் வலை வீசியவர். ராயபுரம் என்ற ஊர்ப்பெயரே அவரிடமிருந்து வந்தது. நகரத்துக்கும் கடலுக்கும் இடையில் நின்றவர்கள் வடக்கே வாழ்ந்தார்கள் என்பதற்கு அந்தக் கோயில் இன்றும் சாட்சி.

பொழுதுபோக்குக்கும் அன்று வடக்கேதான் போனார்கள். கம்பெனி காலத்து வெள்ளைக்காரர்களுக்கு விடுமுறை என்றால் எண்ணூர். கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் முகத்துவாரம், காயல், படகு, மீன், காற்று என்று எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. அங்கே பங்களாக்கள் இருந்தன, கிளப் இருந்தது. எண்ணூருக்கு ஓய்வெடுக்கப் போனார்கள் என்று இன்று சொன்னால், அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு நம்பிக்கை வராது.

கோட்டையண்டை கடல் அப்போது அச்சமூட்டும் அண்டை வீட்டுக்காரர். செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கிழக்குச் சுவருக்குக் கிட்டவே அலை வந்து போகும். கறுப்பர் பட்டணம் எனப்பட்ட இன்றைய ஜார்ஜ் டவுனின் கடலோரத்தைக் காப்பாற்ற, 1820 வாக்கில் தாமஸ் டி ஹாவிலண்ட் என்ற ராணுவப் பொறியாளர் நீண்டதொரு கல்லரணையே கட்டினார். எழும்பூரில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்கைக் கட்டியவரும் அவர்தான். இன்று கோட்டையிலிருந்து அலையைத் தொட ஒருவர் சாலையைக் கடந்து, மணலில் கால் புதைய வெகுதூரம் நடக்க வேண்டும். அந்தத் தூரம் முழுதும் துறைமுகம் கொடுத்த நிலம்.

கடலோடு மல்லுக்கட்ட முதலில் 1861இல் இரும்புத் தூண்கள் மேல் ஒரு படகுத்துறை நீட்டினார்கள். அது போதவில்லை. 1875 டிசம்பரில், அன்று வேல்ஸ் இளவரசராக இருந்த ஏழாம் எட்வர்டு வந்து துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். வில்லியம் பார்க்ஸ் போட்ட திட்டம் எளிமையானது: கரையிலிருந்து இரண்டு கற்சுவர்களைக் கடலுக்குள் நீட்டி, முனைகளை ஒன்றையொன்று நோக்கி வளைத்து, நடுவில் கிழக்கே ஒரு வாசல் விடுவது. வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பர் புயல் வந்து பெரும்பகுதியைப் புரட்டிப் போட்டது. மறுபடி கட்டி முடிப்பதற்குள் 1890களின் நடுப்பகுதி ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் கிழக்கு வாசல் வழியே அலையும் மணலும் உள்ளே வந்துகொண்டே இருந்தன. 1904இல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்தான் அந்த வாசலை அடைத்து, வடகிழக்கில் புதிய வாசல் திறந்தார்.

பொறியாளர்கள் அலையோடு போராடிக்கொண்டிருந்த அதே நேரத்தில் மணல் தன் வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதி, தென்மேற்குப் பருவக் காலத்தில், அலைகள் கரையைச் சாய்வாகத் தாக்கி மணலை வடக்கே தள்ளும். வாடைக் காற்று அடிக்கும் சில மாதங்களில் அது தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்துப் பார்த்தால், லட்சக்கணக்கான கனமீட்டர் மணல் ஆண்டுதோறும் வடக்கு நோக்கிப் போகிறது. குப்பத்து மீனவர்கள் தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்துக்கு ஒரு பெயரும் வடக்கிலிருந்து வரும் நீரோட்டத்துக்கு வேறொரு பெயரும் வைத்து, வலை விடுமுன் இன்று ஓடுவது எது என்று பார்ப்பார்கள். அந்த ஓட்டத்தின் குறுக்கே எதை நிறுத்தினாலும் தெற்கே மணல் குவியும், வடக்கே கரை பட்டினி கிடக்கும். இதைப் புரிந்துகொள்ளக் கடலியல் பட்டம் தேவையில்லை. ஆனால் அன்று திட்டம் போட்டவர்கள் கப்பலைப் பார்த்தார்களே தவிர, கரையைப் பார்க்கவில்லை.

தெற்கே குவிந்த மணல்தான் மெரினா. 1881இலிருந்து 1886வரை ஆளுநராக இருந்த மவுண்ட்ஸ்டுவர்ட் எல்பின்ஸ்டன் கிராண்ட் டஃப் அந்தக் கரையோரம் உலாவும் பாதை ஒன்றை அமைத்தார். சிசிலித் தீவில் தான் கண்ட கடலோர உலாச்சாலை நினைவில் இருந்ததால் அதற்கு மெரினா என்று பெயர் வைத்தார். மாநிலக் கல்லூரியும், கட்டடக் கலைஞர் சிஷோம் கட்டிய செனட் ஹவுஸும், சேப்பாக்கம் அரண்மனையும் ஏற்கெனவே வரிசையில் இருந்தன. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து விற்க 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸும் இருந்தது. 1897இல் விவேகானந்தர் தங்கியது அந்தக் கட்டடத்தில்தான். இவை எழுந்த காலத்தில் கடலுக்கும் இவற்றுக்கும் இடையே இவ்வளவு மணல் இல்லை. இன்று நடைபாதையிலிருந்து அலைவரை சராசரியாக 300 மீட்டர். அகலமான இடத்தில் 400 மீட்டரையும் தாண்டும். ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு அலையை நோக்கி நடக்கும் குழந்தையின் கையில் பாதி வழியிலேயே குச்சி மட்டும் மிஞ்சுவதற்கு இந்த அகலம்தான் காரணம்.

இவ்வளவு பெரிய வெட்டவெளி நகரத்தின் நடுவில் கிடைத்ததும் அதை யார் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதில்தான் மெரினாவின் உண்மையான பெருமை இருக்கிறது. ஆளுநர் மனதில் இருந்தது மாலை உலா. ஜனங்கள் அதைப் பொதுக்கூட்ட மைதானமாக்கிவிட்டார்கள். 1908ஐ ஒட்டிய சுதேசி நாட்களில் சுப்பிரமணிய சிவாவும் பாரதியும் பேசிய திருவல்லிக்கேணி கடற்கரைக்குத் திலகர் திடல் என்றே பெயர் நிலைத்தது. ரௌலட் சட்டத்துக்கு எதிராக 1919இல் காந்தி இந்த மணலில் பேசினார். 1930இல் உப்புச் சத்தியாக்கிரகிகள் இங்கே அடி வாங்கினார்கள்.

இவர்களுக்கு நடுவில் சிங்காரவேலரைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1860இல் அயோத்திக்குப்பத்தில், மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். மெரினா என்ற பெயரே பிறக்காத காலத்தில் அந்தக் கரையில் ஓடி விளையாடிய பிள்ளை. வழக்கறிஞராகி, தொழிற்சங்கத் தலைவராகி, 1923 மே 1 அன்று இந்தியாவின் முதல் மே தினத்தை அவர் கொண்டாடியது இரண்டு கூட்டங்களாக: ஒன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள கடற்கரையில், மற்றொன்று திருவல்லிக்கேணி கடற்கரையில். தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை 1959இல் அதே மணலோரம் வந்து நின்றது. பாறையை நெம்பும் அந்த நாலு பேரின் முன்னால் நின்று செல்ஃபி எடுப்பவர்களில் எத்தனை பேருக்கு, மே தினத்தை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர் பக்கத்துக் குப்பத்துப் பிள்ளை என்று தெரியும்? பாடப்புத்தகம் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டிய செய்தி இது.

குப்பத்துக்காரர்களுக்கு அந்தப் பெருமை காவலாக இருக்கவில்லை. அழகுபடுத்தல் என்ற சொல் வரும்போதெல்லாம் அவர்களுடைய கட்டுமரமும் வலையும்தான் முதலில் இடைஞ்சலாகத் தெரிந்தன. 1985இல் மெரினாவிலிருந்து கட்டுமரங்களை அகற்ற அரசு முயன்றபோது மீனவர்கள் எதிர்த்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பம் லூப் சாலையோர மீன் கடைகளை அகற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, பெண்கள் சாலையிலேயே மீனைக் கொட்டி மறியல் செய்தார்கள். அடுத்த ஆண்டு அங்கே ஒரு நவீன மீன் அங்காடி திறந்தது. மாலையில் சுண்டலோடு காற்று வாங்க வருபவர் விருந்தாளி; இந்த மணலில் வலை காயப்போடுகிறவர்தான் வீட்டுக்காரர். மெரினாவுக்குப் போகிறவர்கள் நொச்சிக்குப்பம் பக்கமும் காலையில் ஒரு நடை போவது நல்லது. சங்கரா எது, வஞ்சிரம் எது, அன்று பிடித்தது எது, ஐஸில் கிடந்தது எது என்று செவுளைத் தூக்கிக் காட்டிச் சொல்லித்தருவார்கள்.

குளிப்பதற்கு மெரினா ஏற்ற இடமல்ல. கரையிலிருந்து சில அடியிலேயே சரிவு ஆழமாகிறது, இழுவையும் பலம். காணும் பொங்கலன்று போலீசார் தண்ணீருக்கு முன் கட்டைகளைக் கட்டித் தடுப்பதும், தொலைந்து போகாதிருக்கப் பிள்ளைகளின் மணிக்கட்டில் பெற்றோர் கைபேசி எண் எழுதிய பட்டையைக் கட்டுவதும் இந்த அனுபவத்தால்தான். 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகள் சக்கர நாற்காலியோடு அலை அருகே போக மரப்பாதை ஒன்று திறந்தார்கள். வாழ்நாளில் முதல்முறையாகக் கடலைக் கிட்ட நின்று பார்த்தவர்கள் அன்று அழுதார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. பிறகு சரி செய்தார்கள். மெரினாவுக்குச் செலவிட்ட பணத்தில் இதைவிட நியாயமான செலவு இருந்திருக்காது.

அடையாறு முகத்துவாரத்தைத் தாண்டினால் பெசன்ட் நகரின் எலியட்ஸ் கடற்கரை. 19ஆம் நூற்றாண்டில் நகரத்தின் தலைமை மாஜிஸ்திரேட்டாகவும் போலீஸ் கண்காணிப்பாளராகவும் இருந்த எட்வர்டு எலியட்டின் பெயர் அது. தொலைவாகவும் ஆள் நடமாட்டமில்லாமலும் இருந்ததால் வெள்ளையர்கள் நீந்தப் போன இடம். மணலில் நிற்கும் வெள்ளை வளைவு, 1930 டிசம்பர் 30 அன்று பிறரைக் காப்பாற்றப் போய் அங்கே மூழ்கி இறந்த கே.ஏ.ஜே. ஷ்மிட்டின் நினைவு. சினிமாக்காரர்கள் பின்னணியாகப் பயன்படுத்திப் பயன்படுத்தி, அது ஒரு சாவின் சின்னம் என்பது மறந்தேவிட்டது. இன்றும் இந்த நீரில் இறங்குமுன் அந்தக் கல்வெட்டைப் படிப்பது உயிருக்கு நல்லது. வடக்கே நடந்தால் 1967இல் கட்டி 1977இல் இடிந்த உடைந்த பாலம். அதற்கு இப்பால் ஊரூர் குப்பம், ஆல்காட் குப்பம். 2015இல் தொடங்கி இங்கே நடந்த ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவில், பெரும்பாலும் சபாக்களில் ஒலித்த கர்நாடக சங்கீதம் மீனவர் தெருவுக்கு வந்தது.

இந்தப் பகுதியின் மிகப் பழைய விருந்தாளி பங்குனி ஆமை. ஜனவரி முதல் ஏப்ரல்வரை இரவில் கரையேறி, பின்கால்களால் குடம் போலக் குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேல் இட்டு, உடலால் தட்டி மூடிவிட்டுப் போகும். 1988 முதல் மாணவர்கள் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு எடுத்து வருகிறார்கள். சுமார் 45 நாளில் மணல் குழிந்து, உள்ளங்கையில் மூன்று அடங்கும் அளவில் குஞ்சுகள் மேலே வரும். வெளிச்சம் இருக்கும் திசைதான் கடல் என்பது அவற்றுக்குப் பிறவியறிவு. விளக்குகள் இல்லாத காலத்தில் அது சரியாகவே இருந்தது. இப்போது கடற்கரைச் சாலையின் விளக்கு அவற்றை ஊருக்குள் அழைக்கிறது. ஆமைக் காலத்தில் கரையோர விளக்குகளை அணைக்கச் சொல்லி ஆண்டுதோறும் கெஞ்ச வேண்டியிருப்பது வருத்தமான விஷயம். கெஞ்சாமலே அணைக்க வேண்டும்.

அதற்கும் தெற்கே சாலை வேகமெடுக்கிறது. திருவான்மியூர், கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை. கூட்டம் குறையக் குறைய வீடுகள் பெரிதாகின்றன, மணலுக்குப் போகும் சந்துகள் சிறிதாகின்றன. ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் உண்டாக்கிய சோழமண்டலம் கலைக் கிராமத்தைப் பார்த்துவிட்டுக் கோவளம் போகலாம். கோவளத்தில் ஐரோப்பியக் கம்பெனிகள் போட்டி போட்டுக் கோட்டை பிடித்தன. 1752இல் கிளைவ் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து அதைப் பறித்தான். இப்போது அங்கே மீனவ இளைஞர்கள் சர்ஃபிங் கற்றுத் தருகிறார்கள். அலைக்குள் படகோட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அலைமேல் நிற்பதைப் பார்க்க மனசு நிறைகிறது. 2021இல் நீலக்கொடிச் சான்றிதழும் கிடைத்தது. குடும்பத்தோடு தண்ணீரில் இறங்க விரும்புகிறவர்கள் பிப்ரவரி, மார்ச்சில், உயிர்காப்பாளர் நிற்கும் அந்தப் பகுதிக்குப் போகலாம்.

வடக்கே என்ன ஆயிற்று? மெரினா அகன்றுகொண்டிருந்த அதே ஆண்டுகளில் ராயபுரம் குறுகிக்கொண்டிருந்தது. துறைமுகம் வந்த முதல் நூறாண்டில் அங்கே ஏறத்தாழ அரை கிலோமீட்டர் கரை போயிருக்கலாம் என்பது கடலாய்வாளர்கள் கணிப்பு. வலை உலர்த்திய மணல் போயிற்று, பிறகு தெருக்கள் போயின, கோயில்கள் போயின. காசிமேட்டிலிருந்து எண்ணூர்வரை கருங்கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பினார்கள். கல் இருந்த இடத்தில் கடல் நின்றது, ஆனால் கரை திரும்பவில்லை. 1970இல் எண்ணூரில் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. பின்னால் வந்த நிலையங்களின் சாம்பல் கொசஸ்தலையாற்றில் படிந்தது. 2001இல் இன்னொரு துறைமுகம் வந்தது. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், காயலில் படகையும் வலையையும் கறுப்பாக்கியது. நகரத்துக்கு மின்சாரமும் டீசலும் தரும் கரை இது; நகரம் திருப்பிக் கொடுத்தது கல்லும் கழிவும்.

2004ஐ ஒட்டி, சென்னை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்பில் கடலுக்குள் கல் நீட்டி அமைத்தவைதான் தூண்டில் வளைவுகள். இரண்டு வளைவுகளுக்கு இடையே மணல் மெல்லத் தங்கத் தொடங்கியது. வளைவு இல்லாத அடுத்த ஊருக்கு அரிப்பு நகர்ந்துபோகிறது என்ற புகாரும் உடனே வந்தது. ஓடும் மணலை ஓரிடத்தில் பிடித்தால் இன்னோரிடத்தில் குறையத்தான் செய்யும். ஆனாலும் ராயபுரம், திருவொற்றியூர்க் கரையில் சில இடங்களில் படகு ஏற்ற மணல் இருக்கிறது, மாலையில் பந்து விளையாட இடம் இருக்கிறது. மெரினா அளவுக்கு நடைபாதையோ விளக்கோ கழிப்பறையோ உயிர்காப்பாளரோ அங்கே இல்லை. மெரினாவை அழகுபடுத்த மறுபடி மறுபடி பணம் ஒதுக்கும் நகரம், அந்த மணல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய திருவொற்றியூருக்கும் ஒரு பங்கு வைக்கட்டும். வடிவுடையம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை வரும் கூட்டம் தரிசனம் முடித்து, கிழக்கே கொஞ்சம் நடந்து, கல்லில் தடுக்காமல் கடலில் கால் நனைக்கும்படி நாலு படியும் ஒரு தெருவிளக்கும் முதலில் வரட்டும்.